கஜேந்திரனின் கிளட்ச் கால்

நல்லையாவின் கெப் வண்டிக்கு, பின்னால் மூட்டை ஏற்றுகிற அந்தச் சின்ன வாகனத்துக்கு, வருசத்தில் ஒரு நாள் ராஜ மரியாதை. சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து அவர் அடியில் நுழைந்தாரென்றால் பொழுது சாய்கிறவரை வெளியே வரமாட்டார். மற்ற வண்டிக்காரர்கள் கண்ணாடியைத் துடைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததோடு திருப்திப்பட்டுக்கொள்வார்கள். நல்லையா அப்படி விடுகிற ஆள் இல்லை.

"சாமி என்னா மேலாப்புல மட்டுமா பாக்கும்?" என்று கேட்பார்.

எஞ்சின் பக்கமிருந்து பின்சக்கரங்களுக்கு ஒரு நீளத் தண்டு போகிறது. புரொப்பலர் ஷாஃப்ட் என்பார்கள். அது சுற்றினால்தான் சக்கரம் சுற்றும். அதில் படிந்திருக்கும் கறுப்புப் பிசுக்கை எல்லாம் நல்லையா மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டி எடுப்பார். தேங்காய் நாரால் தேய்ப்பார். பெட்ரோல் ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொல்வார். காய்ந்ததும் வெள்ளி நிறப் பெயின்ட் அடிப்பார். கடைசியாக, அந்தத் தண்டில் மூக்குத்தி மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குமிழுக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பார். யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் வைக்கிற பொட்டு அது. அதில்தான் அவருக்குப் பெருமை.

கஹவத்தைக்கு மேலே மலைச்சரிவில் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னத் தேயிலைக் காணிகளில் கொழுந்தை நிறுத்து வாங்கி, ஆலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லையாவின் தொழில். வண்டி அவருடையது. ஆனால் ஓட்டுவது அவரில்லை. சீனி வியாதி முற்றி இடது கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். கிளட்ச் மிதிக்கிற கால். அன்றிலிருந்து அவர் பக்கத்து இருக்கைக்கு மாறினார், தங்கச்சி கோகிலாவின் புருசன் கஜேந்திரன் ஸ்டியரிங்குக்கு வந்தான்.

கஜேந்திரன் அதிகம் பேசாத மனுசன். வாயில் வராததை எல்லாம் கையிலும் காலிலும் காட்டுவான். அவன் ஓட்டினால் முன்னால் வைத்த தேத்தண்ணி சிந்தாது. குழியைக் கண்டால் வண்டியைக் குழந்தையைத் தூக்கி வைப்பதுபோல இறக்கி ஏற்றுவான். இதையெல்லாம் நல்லையா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அடுத்தவன் கால் தன் வண்டியின் கிளட்சை அத்தனை லாவகமாக மிதிப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உள்ளுக்குள் ஏதோ செய்தது. பொறாமை என்று சொல்லிவிடலாம், அதற்கு வேறு பேர் தேடவேண்டியதில்லை.

அந்த வருசம் பூசை முடிந்து கொஞ்ச நாளில் சத்தம் வந்தது. வண்டி நின்று ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, அடியிலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி 'டொக்' என்றது. திரும்பக் கிளப்பும்போது இன்னொரு 'டொக்'. ஏற்றத்தில், பாரத்தோடு, சத்தம் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு வரைக்கும் ஏறியது.

"என்னா மாப்ள, கிளட்ச பாத்து விட மாட்டியா?" என்றார் நல்லையா.

"பாத்துதாங்க விட்டேன் மச்சான்."

"பாத்து விட்டா ஏன் இடிக்குது?"

கஜேந்திரன் பெடலைக் கால் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டான். அடுத்த வளைவில் இன்னும் மெதுவாக விட்டுப் பார்த்தான். 'டொக்'. அதற்கடுத்த வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டுப் பார்த்தான். 'டொக்'. நல்லையா ஒவ்வொரு தடவையும் 'ச்சு' கொட்டினார். அடியில் தன் கையால் தேய்த்து, தன் கையால் பூசி, தன் கையால் பொட்டு வைத்த வண்டியில் கோளாறு இருக்கும் என்கிற நினைப்பே அவருக்கு வரவில்லை. வண்டி சுத்தம். அப்படியானால் கோளாறு காலில்தான்.

ஒருநாள் கஜேந்திரன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மச்சான், அடியில எங்கயாச்சும் கிரீஸ் காஞ்சிருக்குமோ என்னமோ. முக்தார் நானாவோட கராஜ்ல ஒருக்கா காட்டுவோமா?"

"இப்பதான் வெள்ளியாட்டம் பூசி வச்சிருக்கேன். அதுல கொண்டுபோயி கிரீஸ அப்பி அசிங்கம் பண்ணணுமா? வண்டிய குத்தம் சொல்லாத. ஒங் கால பாரு."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காலைத்தான் பார்த்தான். நிஜமாகவே குனிந்து குனிந்து பார்த்தான். பாதையைப் பார்க்கவேண்டியவன் பெடலைப் பார்த்தால் என்னவாகும்? ஓட்டம் கெட்டது. போகப் போகத் தடுமாறினான். தடுமாறத் தடுமாற நல்லையாவின் பேச்சு சரி என்று ஆகிக்கொண்டே வந்தது.

ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, பஸ் திரும்புகிற இடத்தில், கொழுந்து நிறுக்கிற மடுவம் இருக்கிறது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். காணிக்காரச் சிங்கள ஆட்களும் நாலைந்து பேர். வண்டியில் மூட்டைகள் உச்சி வரை ஏறியிருந்தன. ஏற்றத்தில் கிளப்பவேண்டும். கஜேந்திரன் கிளட்சை விட்டான். வண்டி 'டொக்' என்று ஒரு உதை உதைத்தது. மேலே இருந்த மூட்டை உருண்டு பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து, கொழுந்தெல்லாம் சேற்றுத் தண்ணீரில் மிதந்தது.

நல்லையா எட்டிச் சாவியைத் திருப்பிப் பிடுங்கினார்.

"எறங்கு."

கஜேந்திரன் இறங்கினான். நல்லையாவும் நொண்டிக்கொண்டு இறங்கி வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்.

"எனக்குத்தான் வெரலு இல்ல. ஒனக்கு அஞ்சு வெரலும் முழுசா இருந்து என்னாத்துக்கு? கிளட்ச் விட துப்பில்லாத கால எதுக்கு வச்சிருக்க? வெட்டி எங்கிட்ட குடுத்துரு, நானாச்சும் வச்சி ஓட்டுறேன்!"

பெண்கள் சிரித்தார்கள். தமிழ் தெரியாத ஆளுக்கு இன்னொருவர் சிங்களத்தில் சொல்ல, அவரும் சிரித்தார். கஜேந்திரன் மழையில் நின்றுகொண்டிருந்தான். "சரிங்க மச்சான்" என்றான். குடையை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு லயத்துக்கு நடந்து போனான். அன்றைக்கே அவனுக்கு 'டொக்கு மாப்ள' என்று பேர் விழுந்தது. தோட்டத்தில் ஒரு பேர் விழுந்தால் அதைக் கழுவ எந்தக் குழாயும் கிடையாது.

கொஞ்ச நாளில் கோகிலா வந்து, வாசலில் நின்றபடியே, "இவரு கத்தாருக்கு போறாரு" என்றாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நல்லையாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருப்பார்.

கஜேந்திரன் போன பிறகு நல்லையா ஏழுமலையைப் பிடித்தார். தோட்டத்து லொறியை வாழ்நாளெல்லாம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைப்பாதையில் ஏழுமலையின் கால் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் நாள், முதல் நிறுத்தம். ஏழுமலை பூப்போல வண்டியை நிறுத்தினார்.

'டொக்'.

நல்லையாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஏழுமலை திரும்பிப் பார்த்தார்.

"என்னாண்ணே, அடியில என்னமோ கெடக்குதே. எத்தன நாளா இப்பிடி?"

"இப்பதான்... ரெண்டு மூணு நாளா" என்று நல்லையா பொய் சொன்னார்.

அந்த நிமிசமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. கராஜுக்குப் போனால் என்ன கோளாறு என்று முக்தார் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் கஜேந்திரன் கால் குற்றமில்லை என்று ஆகிவிடும். தெரியாத வரைக்கும் ஏதோ ஒரு மூலையில் தன் பேச்சும் சரியாக இருக்கலாம் அல்லவா? இப்படி ஒரு நப்பாசையைப் பிடித்துக்கொண்டு, கார்த்திகை முழுக்கவும் மார்கழியிலும் 'டொக் டொக்' என்று போய்க்கொண்டிருந்தார். பொங்கல் கழித்து ஏழுமலை சாவியை மேசையில் வைத்தார்.

"இத காட்டாம நான் ஓட்ட மாட்டேண்ணே. பள்ளத்துல வச்சி ஷாஃப்ட் கழண்டுச்சின்னா ரெண்டு பேரும் போய் சேந்துருவோம்."

முக்தாரின் கராஜ் கஹவத்தைப் பஜாரின் கடைசியில். அவர் அடியில் படுத்துத் தண்டைக் கையால் அசைத்துப் பார்த்தார். பிறகு சோக்குக் கட்டியால் இரண்டு கோடு போட்டார், திரும்பப் பூட்டும்போது பழைய இடத்திலேயே பொருந்தவேண்டும் என்பதற்காக. போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை இறக்கி, இரண்டாக இழுத்தார். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகிற மாதிரி, சுற்றிவர நீள நீளமாகப் பல் வெட்டிய தண்டு. ஸ்பிளைன் என்றார். சுலபத்தில் வரவில்லை. சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. வந்தபோது உள்ளிருந்து செங்கல் பொடி மாதிரித் துரு கொட்டியது.

"ஒரு சொட்டு கிரீஸ் இல்லயே! இஞ்ச பாருங்க, வண்டி நிக்கிற நேரம் பின்பக்கம் கொஞ்சம் எழும்பி இறங்கும். அப்ப இந்தப் பல்லு உள்ளுக்கும் வெளிக்கும் வழுக்கிப் போகணும். காஞ்சி ஈக்கிறதால பிடிச்சிக் கொள்ளுது. பிடிச்சது ஒரேயடியா விடுது. அதுதான் அந்தச் சத்தம்."

"டிரைவரு காலுக்கும் இதுக்கும்..." என்று இழுத்தார் நல்லையா.

"ஒரு சம்பந்தமும் இல்ல. யாரு மிதிச்சாலும் அடிக்கும்."

முக்தார் தண்டைத் திருப்பி, அந்தச் சின்னக் குமிழை நகத்தால் சுரண்டினார். வெள்ளிப் பெயின்ட் செதிலாக உரிந்தது. அடியில் காய்ந்த சந்தனம், அதற்கடியில் போன வருசத்துப் பெயின்ட், அதற்கடியில் அதற்கு முந்தின வருசத்துச் சந்தனம்.

"இது கிரீஸ் போற வாய். இதால கிரீஸ் பம்ப் பண்ணினாத்தான் உள்ளுக்குப் போகும். யாரு நல்லையாண்ணே இத அடச்சி வச்சது? உள்ள இருந்ததையும் மண்ணெண்ணெய் போட்டு கழுவி ஈக்கிது." முக்தார் சிரித்தார். ஒரு கெட்ட எண்ணமும் இல்லாத சிரிப்பு.

"நான்தான்" என்றார் நல்லையா.

முக்தார் சிரிப்பை நிறுத்தினார். பற்களை எல்லாம் தூரிகையால் துடைத்து, டப்பாவிலிருந்து கறுப்புக் கிரீஸை விரலால் எடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் தடவினார். சோக்குக் கோடுகள் நேருக்கு நேர் வரும்படி தண்டைச் செருகிப் பூட்டினார். அடைபட்ட குமிழைக் கழற்றி எறிந்து புதியது போட்டார். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற வேலைதான், அதைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் கஜேந்திரனை நாடு கடத்திய நோய்.

திரும்பி வரும்போது வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. ஏழுமலை குசியில் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். நல்லையா ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், இன்னும் ஒரே ஒரு 'டொக்' வராதா என்று அவர் மனம் ஏங்கியது. வரவில்லை. மடுவத்தைத் தாண்டும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு கத்தாருக்கு இரண்டொரு தடவை வாட்ஸ்அப்பில் பேசினார். "சாப்பிட்டியா மாப்ள? வெயிலு எப்பிடி?" என்று கேட்டார். "நல்லா இருக்கேன் மச்சான்" என்று பதில் வந்தது. கிரீஸ் விசயத்தைச் சொல்ல வாயெடுத்தார். போனில் சொல்கிற பேச்சா இது என்று தள்ளிப்போட்டார். நாலு பேர் முன்னால் பிடுங்கிய சாவியை நாலு பேர் முன்னால்தான் கொடுக்கவேண்டும். எங்கே அவமானப்படுத்தினாரோ அங்கேயே நிறுத்தி, அவனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, டொக்கு மாப்ள என்ற பேரை அங்கேயே புதைத்துவிட வேண்டும். இதுதான் அவர் கணக்கு. நல்ல கணக்குத்தான், தாமதமாகிக்கொண்டிருந்ததே தவிர.

அதற்கு வாய்ப்பு வந்தது. கோகிலாவின் மகள் கலைச்செல்வி பெரியவளானாள். பச்சை ஓலையில் குடிசை கட்டுவதும் முதல் தண்ணி ஊற்றுவதும் தாய்மாமன் கடமை. கோபமிருந்தாலும் தாய்மாமன் இல்லாமல் சடங்கு நடக்காது. கோகிலா வந்து, "அண்ணே, வந்துருங்க" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த அண்ணே. நல்லையா அழுதுவிட்டார். கஜேந்திரனும் லீவு போட்டு வந்துகொண்டிருந்தான்.

கொழுந்து நிறுக்கிற நேரம் பார்த்துத்தான் பஸ் வந்தது. அல்லது அந்த நேரத்து பஸ்ஸில்தான் வரவேண்டும் என்று நல்லையா ஏற்பாடு செய்திருந்தார். மடுவத்தில் அதே பெண்கள், அதே காணிக்காரர்கள். கஜேந்திரன் ஒரு பெரிய பையோடு இறங்கினான். கறுத்திருந்தான். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கோகிலா ஓடிப்போய்ப் பையை வாங்கினாள்.

நல்லையா வண்டிக்கு முன்னால் போய் நின்றார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அன்னைக்கி எம் மாப்ளய இந்த எடத்துல வச்சி கேவலமா பேசுனேன். அவன் கால்ல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் பூசைக்கி கழுவுறேன்னு அடியில இருந்த கிரீஸ எல்லாம் வழிச்சி எடுத்தேன். கிரீஸ் போற வாயில சந்தனத்த அப்பி அடச்சி வச்சேன். அதுனாலதான் அந்த சத்தம். முக்தார் நானா கழட்டி காட்டுனாரு. ஏழுமலை ஓட்டுனப்பவும் அடிச்சிச்சி. இப்ப கிரீஸ் போட்டாச்சி, சத்தம் இல்ல. தப்பு பூராவும் என்னோடது. இந்தா மாப்ள, சாவி."

மடுவத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கஜேந்திரன் சாவியைப் பார்த்தான். பிறகு நல்லையாவைப் பார்த்து, பெரியவர்களைச் சமாதானப்படுத்துகிற ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"என்னாங்க மச்சான் இது. பழசையெல்லாம் எதுக்கு? நீங்க அன்னைக்கி சொன்னதுல என்னா தப்பு? எனக்கு கிளட்ச் வராதுங்க. எனக்கே தெரியும்."

"அடேய், கிரீஸ்தாண்டா! நான் கண்ணால பாத்தேன்!"

"சரிங்க மச்சான், சரிங்க." நோயாளியிடம் பேசுகிற மாதிரி இருந்தது அவன் குரல். "எம் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. சந்தோசம்."

நல்லையா தங்கச்சியைப் பார்த்தார். கோகிலா அவர் பக்கத்தில் வந்து, புருசனுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"அங்க கம்பெனில டிரைவர் வேலைக்கி ஆள் கேட்டாங்களாம்ண்ணே. லைசன்ஸ் கையில இருந்தும் இவரு போகல. எங் கால நம்பி ஒருத்தன் வண்டிய குடுப்பானான்னு கேட்டாரு. இன்னமும் வெயில்ல மூட்டதான் தூக்குறாரு. நான் எவ்வளவோ சொல்லி பாத்தேன். அண்ணன் சும்மா சொல்ல மாட்டாருங்கிறாரு."

அண்ணன் சும்மா சொல்லமாட்டார். நல்லையாவுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. தன் மேல் இப்படி ஒரு நம்பிக்கை வைத்திருந்தவனையா? கோபித்துக்கொண்டு போயிருப்பான், மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துவிட்டிருக்கலாம். இவன் அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போய், அந்த வெயிலில் சுமந்துகொண்டிருந்திருக்கிறான்.

"ஓட்டுங்களேன்," கோகிலா புருசனிடம் சொன்னாள். "லயம் வரைக்கும்தானே. அண்ணன் ஆசப்படுது."

கஜேந்திரன் தயங்கினான். பிறகு, மறுத்தால் மச்சான் மனசு நோகும் என்பதற்காக ஏறி உட்கார்ந்தான். நல்லையா பக்கத்து இருக்கையில் ஏறினார். கோகிலா பையோடு பின்னால் ஏறிக்கொண்டாள். அவன் சாவியைத் திருப்பினான், கியரைப் போட்டான், குனிந்து காலைப் பார்த்தான்.

வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வதே அதிகம். கிளட்சை முழுதாக விட அவனுக்குத் துணிவில்லை. பாதி மிதித்த கால் பாதி மிதித்தபடியே நின்றது. எஞ்சின் அலறியது, வண்டி ஊர்ந்தது. வளைவுக்கு வளைவு நின்று, தலையைச் சாய்த்து, அடியில் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டான். திரும்ப ஊர்ந்தான். உள்ளே கருகல் வாசனை வந்தது. கிளட்ச் தகடு தேய்ந்து எரிகிற வாசனை. நல்லையாவின் வண்டி, நல்லையாவின் உயிர். வேறொரு நாளாக இருந்தால் குதித்திருப்பார். இன்றைக்கு எரியட்டும் என்று உட்கார்ந்திருந்தார். தொடையோடு உதறிக்கொண்டிருந்த அந்த இடது காலை விட்டு அவர் கண் அகலவில்லை. குழந்தையைத் தூக்கி வைப்பதுபோல வண்டியைக் குழியில் இறக்கிய கால் இது. அதை இப்படி ஆக்கியது துரு இல்லை.

லயத்து முன்னால் வந்து நின்றது. ஓலைக் குடிசையைச் சுற்றி நின்ற பெண்கள் "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்றார்கள். கஜேந்திரன் உடனே இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். அடியிலிருந்து ஒன்றும் வரவில்லை. சட்டைக் கையால் முகத்து வியர்வையைத் துடைத்தான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. நல்லையா அதற்கு முன் அவனிடம் பார்த்திராத சிரிப்பு.

"பாத்தீங்களா மச்சான், ஒருக்காகூட சத்தம் வரல. நீங்க சொன்ன மாதிரியே மெதுவா, ரொம்ப கவனமா விட்டேன்."

நல்லையா வாயைத் திறந்தார். கிரீஸ் என்று சொல்ல வந்தது. அதை அவர் சொல்லியாயிற்று.

"நல்லா ஓட்டுன மாப்ள" என்றார்.